அத்தை நேராக்கிய கோடு

ஐந்தாம் வகுப்பில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயங்கள் மூன்று. கரடி பகலில் வராது. எங்கள் ஊரில் எல்லாரையும்விட அறிவாளி சித்தப்பா. கோடு என்றால் நேராக இருக்க வேண்டும். அந்த ஆடி மாதத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் மோதிக்கொண்டன.

வெள்ளிமலையிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். மழை பெய்யும், பெய்த தண்ணீர் சரிவில் ஓடிப்போய்விடும். சித்திரை வந்தால் ஊற்று காய்ந்து, அம்மா இரண்டு மேடு தாண்டிக் குடம் சுமப்பாள். ஓடும் தண்ணீரைச் சரிவிலேயே மறித்து மண்ணுக்குள் இறக்கத்தான் நீர்வடிப்பகுதித் திட்டம் வந்தது. சரிவின் குறுக்கே நீளமான பள்ளங்கள் வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது என்று கோடு போடும் பொறுப்பு சித்தப்பாவுடையது. அதற்காகச் சங்கராபுரத்தில் மூன்று நாள் பயிற்சி எடுத்து வந்திருந்தார்.

கருவி எளிமையானது. இரண்டு மூங்கில் கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவே ஒரு குறுக்குக் கழி. உச்சியிலிருந்து கல் கட்டிய நூல். நூல் குறுக்குக் கழியின் நடுவில் இருந்த கரிக்கோட்டைத் தொட்டால் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. அப்படி நின்ற இடங்களையெல்லாம் சேர்த்து, பலா மரத்திலிருந்து பாறை வரைக்கும் சுண்ணாம்புத் தூள் தூவினார். நடுவில் சரிவு உள்வாங்கியிருந்த இடத்தில் கோடு மலைப்பக்கமாக வளைந்து போய், மறுபடி வெளியே வந்தது. அதற்கு நேர்கீழே பக்கத்து வீட்டு அத்தையின் சாமைக் கொல்லை.

பார்க்க வந்தவர்களில் அத்தையின் வீட்டுக்காரரான என் மாமாதான் முதலில் ஆரம்பித்தார்.

“இன்னாடா மச்சான், கோடு போடச் சொன்னா பாம்பு வுட்டுக்கினு கீற? காலையிலயே ஊத்திக்கினியா?”

“மட்டத்துக்குப் போட்டா அப்பிடித்தாங்க மாமா வரும்.”

“எங்க மாடு தனியா உழுதாக்கூட இதவிட நேரா உழும்.”

எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவர் தப்பாகப் போட்டுவிட்டு மழுப்புகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் அவர் மரக்கன்று ஏற்றி வர மலையிறங்கிப் போனார். வர நான்கு நாள் ஆகும். அன்று மத்தியானம் நான் எடுத்துக்கொண்டு போனவை: மாட்டுக் கயிறு இரண்டு, முளைக்குச்சி இரண்டு, விளக்குமாறு ஒன்று. சுண்ணாம்பு மூட்டை பலா மரத்தடியிலேயே மிச்சம் இருந்தது. கயிறுகளை முடிந்து, விறைப்பாக இழுத்துக் கட்டி, வளைவைப் பெருக்கித் தள்ளிவிட்டு, கயிற்றோரமாகவே சுண்ணாம்பைக் கையால் அள்ளித் தூவினேன். பாறைமேல் ஏறி நின்று பார்த்தேன். என் கணக்கு நோட்டில்கூட அவ்வளவு நல்ல கோடு இருந்ததில்லை.

மாலையில் விரல்கள் எரிந்து, தோல் வெடித்துவிட்டது. அத்தை என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

“இன்னாடி இது, வெந்த மாதிரி கீது?”

“சாக்பீஸ்” என்றேன்.

அத்தை கையைப் பார்த்தாள். சுண்ணாம்பு படிந்த பாவாடை ஓரத்தைப் பார்த்தாள். பிறகு தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து தடவிவிட்டாள்.

அடுத்த நாள் வெட்ட வந்தவர்கள் வெள்ளைக் கோட்டின்மேல் மண்வெட்டியைப் போட்டார்கள். “பார்றா, தெளிஞ்சதும் நேரா போட்டுட்டுப் போயிருக்கான்” என்று மாமா பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை மழை கொட்டியது. வளர்ந்துவிட்ட இன்று, அளவுக் கருவியோடு சரிவுகளில் நடப்பதே என் வேலை. அதனால் அன்று நடந்ததை இரண்டு வரியில் சொல்லிவிடுவேன். சரிவு உள்வாங்கும் இடத்தில் நேர்கோடு தாழ்வான தரையில் இறங்கிவிடும். பள்ளத்தின் இரண்டு பக்கத் தண்ணீரும் அங்கே வந்து சேர்ந்து கரையை உடைத்தது. விடிந்து பார்த்தால், முழங்கால் உயரச் சாமையின் நடுவே ஒரு ஓடை. பாதிக் கொல்லை செம்மண்ணும் கல்லுமாகக் கிடந்தது.

சித்தப்பா ஜீப்பில் வந்து இறங்கிய நேரம் அதுதான். மாமா அவருடைய மூங்கில் சட்டத்தை அடித்து உடைக்கத் தூக்கிக்கொண்டு பாறைப் பக்கம் போனார்.

“பயிற்சின்னு மூணு நாளு சோறு தின்னுட்டு வந்து என் கொல்லைய அழிச்சிட்டியேடா! மீதிப் பள்ளமும் வேணாம், ஒண்ணும் வேணாம்!”

வேண்டாம் என்று சுற்றி நின்ற தலைகளும் ஆடின. அந்தத் தலைகள் ஆடினால் வேலை நிற்கும். அம்மா இன்னும் பல சித்திரைகளுக்குக் குடம் சுமப்பாள். அதுவரை எனக்கும் புரிந்தது.

“இது நான் போட்ட கோடு இல்லீங்க மாமா.”

“அப்ப இன்னா, முனீஸ்வரன் வந்து போட்டுட்டுப் போச்சா?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்கு முன்னால் நின்றிருந்த அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பேசினாள்.

“நான்தான் நேராக்குனேன். கோணலா பாக்க நல்லால்ல, கால்ல இழுத்துவுட்டேன். இன்னா இப்போ? கொல்ல என்து, போனது என் சாம. வேற எவனுக்கு இன்னா போச்சு?”

மாமா தூக்கிய சட்டத்தோடு அப்படியே நின்றார். யாரோ சிரித்தார்கள். “பொண்டாட்டிய அடக்கத் தெரியல, மச்சான்கிட்ட பாயுறான்” என்று ஒரு குரல். மாமா சட்டத்தைக் கீழே வைத்தார். அன்று மத்தியானமே சித்தப்பா மறுபடி கோடு போட்டார். பழைய இடத்திலேயே அது வளைந்தது.

நான் குழம்பிப்போனேன். கயிறு கட்டியது நான். பெருக்கியது நான். இதில் அத்தை எங்கே வந்தாள்? கையை நீட்டிக்கொண்டு நெடுநேரம் யோசித்ததில் விடை ஒன்றே ஒன்று கிடைத்தது. நான் அவ்வளவு பத்திரமாகப் போட்ட கோட்டை, நான் போன பிறகு வந்து அத்தை காலால் இழுத்துக் கெடுத்திருக்கிறாள். அதனால்தான் கரை உடைந்தது.

மூன்று நாள் அவளோடு பேசவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை. மாலையானால் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டு, என் கையை மட்டும் பிடித்து இழுத்தாள்.