நான்கு பன்றிகளும் என் அண்ணனின் நடையும்

வான்கூவரில் நான் வேலை செய்யும் கார்ட்டூன் ஸ்டுடியோவில் வளர்ந்த மனிதர்கள் வராந்தாவில் நொண்டுவார்கள், தவழ்வார்கள், அதைக் கைப்பேசியில் படமும் பிடித்துக்கொள்வார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வரையப்போகும் அசைவை முதலில் உடம்பால் செய்து பார்ப்பது எங்கள் தொழில். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் இப்படி ஒருவன் நொண்டினால், நாலு பேர் சேர்ந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார்கள்.

போன வருடம், நான்கு பன்றிகள் ஒரு குண்டு ராஜாவைப் பல்லக்கில் சுமந்து போகும் காட்சி என்னிடம் வந்தது. எவ்வளவு வரைந்தும் பல்லக்கில் கனமே ஏறவில்லை. அப்போதுதான் அண்ணனை நினைத்தேன். பகலெல்லாம் பட்டுத்தறியில் உட்காருகிறவர், உற்சவம் வந்தால் சாமி தூக்கப் போய்விடுவார். ஊரைவிட்டு வரும்வரை அதே பல்லக்குத் தண்டில் அவருக்குப் பின்னால் நானும் தோள் கொடுத்திருக்கிறேன். முழங்காலை லேசாக மடக்கி, எல்லோரும் ஒன்றாக அசைந்து போகும் நடை அது. வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, கூட்டாளிகள் மூவரைச் சேர்த்துக்கொண்டு, வெறும் தண்டைத் தூக்கி நடந்து காட்டினார். சாமி படமா என்று கேட்டார். ஆமாம் என்பதுபோல ஏதோ சொல்லிவைத்தேன்.

பன்றிகளுக்கு அந்த நடை அப்படியே பொருந்திவிட்டது. எங்கே பிடித்தாய் என்று இயக்குநர் மேகன் கேட்டாள். எங்கள் ஊரில் தெய்வத்தை இப்படித்தான் சுமப்பார்கள், என்ன ஆனாலும் கீழே விடமாட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். நான் சிரிப்புக்கு வழி சொல்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள். அப்படியானால் பன்றிகள் ராஜாவைச் சேற்றில் போடட்டும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ராஜா விழுவதையும் நான்தான் வரைந்தேன், ரசித்தே வரைந்தேன்.

அந்தக் கார்ட்டூன் தொடர் வெளியானதும் அண்ணன் மகள் அதைத் தேடிப் பிடித்து, அப்பாவுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறாள். மறுநாள் அண்ணன் கூப்பிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நடை கரெக்டா இருக்குதுபா. எங்களையேதான் பாத்துக்கினு இருந்தோம்," என்றார். பிறகு, "ஆனா நாங்க ஒருநாளும் கீழ போட்டதில்லியேபா. உனக்கே தெரியுமே," என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திட்டியிருந்தால் தேவலை.

பங்குனி உற்சவத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். அண்ணனுக்குப் பின்னால் என் இடத்தைக் கேட்டால் தந்துவிடுவார், கேட்கத்தான் முடியவில்லை. இங்கேயோ, காட்சி நன்றாக வந்ததற்குப் பரிசாக, சேற்றில் கிடக்கும் ராஜாவையும் நான்கு பன்றிகளையும் பொம்மையாகச் செய்து என் மேசையில் வைத்திருக்கிறார்கள். முன்னால் நிற்கும் பன்றிக்கு, அண்ணனைப் போலவே, இடது தோள் இறங்கியிருக்கிறது.