மீட்டர் பெட்டியில் குளவிக்கூடு

எங்கள் சிதம்பரம் வீட்டுக்கு மின்சார ரீடிங் எடுக்க வருபவர் ஒல்லியானவர், சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். அதன் பிடியால் பூச்சிக்கூடுகளைத் தட்டிப் பார்த்து, எந்தப் பூச்சியுடையது என்று சொல்லிவிடுவார். சுவரில் சுண்ணாம்புச் சிதறல் என்று நான் நினைத்தது அந்துப்பூச்சிக் கூடாம். அவர் சொல்லித் தவறியதில்லை.

மீட்டர் பெட்டியில் குளவி கூடு கட்டியபோது, அதை யாரும் தொட என் மனைவி விடவில்லை. குளவி கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள். ஒன்பது வருடமாகக் காத்திருக்கிறோம்.

அடுத்த ரீடிங்குக்கு வந்தவர் கூட்டைத் தட்டினார். “ஓட்டை வுழுந்துடுச்சு சார். எல்லாம் பறந்துபோச்சு. காலிக்கூடு, எடுத்துடலாம்.”

மனைவி வாசலுக்கு வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தவர் டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணு இன்னும் உள்ள இருக்குதும்மா. ஒடைச்சிடாதீங்க.”

கூடு அப்படியே இருக்கிறது. “அவுரு சொன்னா தப்பாதுங்க,” என்கிறாள் மனைவி.

ஆமாம் என்கிறேன்.