இன்சூரன்ஸ் ஆன கையும் ஆகாத கையும்

கோட்டைமேட்டில் ஜாவித்தின் வலது கைக்கு இருந்த மரியாதை ஜாவித்துக்கே கிடையாது. துபாயில் ஒரு பேஸ்பால் கிளப் பந்து எறிவதற்காக அந்தக் கையைச் சம்பளத்துக்கு எடுத்திருந்தது. கையைத் தனியாக விமானத்தில் அனுப்ப முடியாதே என்று ஜாவித்தும் வருசத்துக்கு மூன்று மாதம் அதோடு போய்வந்தான். மற்ற ஒன்பது மாதமும் கை ஊரில் ஓய்வெடுக்கும்.

அந்தக் கையைப் பற்றிப் பேசத் தெருவில் ஆள் நிறைய உண்டு. நாம் அவன் மனைவி நிலோஃபரைப் பார்ப்போம். அவளுக்கும் ஒரு வலது கை இருந்தது. முப்பத்தொரு வயதுவரை அதை யாரும் கவனித்ததில்லை.

நிலோஃபர் பி.காம். படித்தவள். கல்யாணப் பெண்களின் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்வாள். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மணியும் ஜரிகையும் கோத்து, ஒரு கைப்பகுதியில் மயிலை உட்காரவைக்க அவளுக்கு நான்கு நாள் ஆகும். அவிநாசியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் தேடி வருவார்கள். வீட்டில் மட்டும் அதற்கு 'ஊசி குத்திக்கிட்டு இருக்கறது' என்று பெயர். ஜாவித் பந்து எறிவதற்குப் பெயர் தொழில்முறை விளையாட்டு.

நான்கு வருசத்துக்கு முன்னால் ஒப்பந்தம் வந்த அன்று, பதினான்கு பக்கத்தையும் தமிழில் வாசித்துச் சொன்னவள் அவள்தான். எறியும் கைக்குக் கேடு வரும்படி கனம் தூக்கக்கூடாது, பைக் ஓட்டக்கூடாது, வேறு ஆட்டம் ஆடக்கூடாது என்று ஏகப்பட்ட கூடாதுகள் அதில் இருந்தன. மாமியார் உம்மல் குல்சும் ஒவ்வொரு கூடாதுக்கும் "ஆமாங்கண்ணு, ஆமாங்கண்ணு" என்று தலையாட்டினாள். கடைசிப் பக்கம் முடிந்தபோது மகன் மகனாக இல்லை, கண்ணாடிச் சாமான் ஆகியிருந்தான்.

அன்றிலிருந்து ஜாவித் சிலிண்டரைத் தொடவில்லை. அரிசி மூட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரை நிலோஃபர் ஓட்ட, பின்னால் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்து போவான். டீக்கடையில் நிற்பவர்கள், "ஏனுங்க நிலோஃபர், கைய பத்திரமா எறக்கி உடுங்க" என்று கிண்டல் செய்வார்கள். அவளும் சிரிப்பாள். மகள் ரிஃபத்துக்கு மூன்று வயது. தூக்கச் சொல்லி அப்பனிடம் போனால், அவன் குனிந்து முத்தம் கொடுத்து அம்மாவிடம் திருப்பி அனுப்பிவிடுவான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர்தான் ஆளைக் கொன்றது. அவர்கள் வீடு இரண்டாவது மாடி. உப்புத் தண்ணீர் மோட்டார் போட்டால் மேலே ஏறிவிடும். நல்ல தண்ணீர் அப்படியெல்லாம் ஏறாது. கீழே குழாயடியோடு நின்றுகொள்ளும். ஐந்து நாளைக்கு ஒருமுறை வரும். வரும்போது பத்துக் குடமாவது பிடித்து மேலே கொண்டுபோக வேண்டும். முப்பத்தெட்டுப் படி. நிலோஃபர் வலது தோளில் வைத்துத் தூக்குவாள், இடது கையால் சேலையைப் பிடித்துக்கொள்வாள். ஜாவித் மேலே நின்று, "பாத்து வா, வழுக்கும்" என்று சொல்லுவான். அவனுக்கு அவள்மேல் பிரியம் அதிகம்.

இப்படி இருக்கும்போதுதான் இந்திய அணிக்கு அவனைத் தேர்வு செய்தார்கள். பாங்காக்கில் ஆசிய அளவிலான போட்டி. செய்தி வந்த அரை மணி நேரத்தில் மாவட்ட பேஸ்பால் சங்கத் தலைவர் பாலகோபால் காரில் வந்து வாசலில் நின்றார். அவர் பழைய மில் குடும்பத்துக்காரர். மில்லுக்குப் பின்னால் ஒரு மைதானம் சும்மா கிடந்ததால் தலைவரானவர். முழங்கால் தேய்ந்துபோகும் என்று டாக்டர் சொன்னதால் மாடி ஏறமாட்டார். கீழே காரில் இருந்தபடியே போனில் வாழ்த்தினார்.

"நாட்டுக்காகங்க தம்பி! தோள் போனாலும் பேர் நிக்குமுங்க!"

தன் முழங்காலை நாட்டுக்குத் தருவது பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

துபாய் கிளப்புக்கு இந்த தேசபக்தி பிடிக்கவில்லை. அவர்களுடைய லீக்கில் ஒவ்வொரு எறிதலையும் எண்ணுவார்கள். எண்ணிக்கை தாண்டினால் ஆளை வெளியே எடுத்துவிடுவார்கள். நாட்டுக்கான போட்டியில் அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஜெயிக்கிற வெறியில் பயிற்சியாளர் இன்றைக்கு எறிந்தவனையே நாளைக்கும் எறியச் சொல்வார். முந்தின போட்டியில் அப்படித்தான் அதே கிளப்பின் புனே ஆட்டக்காரர் ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து எறிந்து முழங்கை நரம்பைக் கிழித்துக்கொண்டார். கிளப் ஒப்பந்தத்தை முடித்துவிட்டது. சங்கம் அவருக்கு ஒரு சால்வை போர்த்தியது. சால்வை போர்த்திய படத்தில் அவரால் கையைத் தூக்கிக் கும்பிட முடியவில்லை.

அதனால் கிளப் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டது: போட்டிக்கென்று தனியாக இன்சூரன்ஸ் போடு, இல்லாவிட்டால் போகாதே. இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு கேட்டார்கள். ஒன்று, டாக்டர் பார்த்துத் தரும் சான்று. இன்னொன்று, வீட்டில் அந்தக் கை என்னவெல்லாம் செய்கிறது என்று மனைவி நிரப்பித் தரும் படிவம்.

நிலோஃபர் ஆரிச் சட்டத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள். வீட்டில் சிலிண்டர் தூக்குகிறாரா? இல்லை. பதிலாகச் செய்பவர் யார்? நிலோஃபர். தண்ணீர் சுமக்கிறாரா? இல்லை. பதிலாக? நிலோஃபர். குழந்தையை? மூட்டையை? மெத்தையைப் புரட்டுவதை? வண்டி ஓட்டுவதை? கேள்விகள் பதினொன்று. பதினொன்றுக்கும் அவள் பெயர்தான். ஏழாவது தடவை எழுதும்போது பேனா நழுவியது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். ஆரி ஊசியும் அடிக்கடி நழுவும். கண்ணில் பவர் கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தன் உடம்பைப் பற்றி யோசிக்கும்போது தோள் மட்டும் அவள் ஞாபகத்துக்கே வராது.

ஊருக்குள்ளேயே இருக்கும் ராமநாதபுரம் பகுதியில் எலும்பு டாக்டர் ராமாமணி ஜாவித்தின் கையை முக்கால் மணி நேரம் பார்த்தார். மடக்கினார், நீட்டினார், சுழற்றினார். ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பச்சக் கொழந்த தோளாட்ட இருக்குதுங்க. இத்தன வருசம் எறிஞ்சவருக்கு இப்படி நான் பாத்ததே இல்ல. வூட்டுல நல்லா பாத்துக்கறாங்க போல?"

ஜாவித் பெருமையாக மனைவியைப் பார்த்தான். அவள் படிவத்தை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள், இடது கையால். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க டாக்டர், சோத்துக் கை கொஞ்சம் மேல வரமாட்டேங்குதுங்க" என்றாள்.

"எவ்வளவு நாளா?"

"ஆறு மாசமிருக்குமுங்க."

"தூக்குங்க பாக்கலாம்."

நிலோஃபர் தூக்கினாள். கை மார்பு வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் போகச் சொல்லி அவள் முகமெல்லாம் கோணியது, கை கேட்கவில்லை. ராமாமணி அவளுக்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படம் வந்ததும், பக்கத்திலிருந்த ஜாவித்தின் படத்தோடு சேர்த்து விளக்கில் வைத்தார்.

"இது பேஸ்பால்ல பந்து எறியறவங்களுக்கு வர்ற காயமுங்க. தோள் தசைநார் பாதி கிழிஞ்சிருக்குது. நீங்க எந்த டீமுக்கு ஆடறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் படிவத்தைப் புரட்டினார். பதினொரு வரியையும் வாசித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இனி ஒரு கொடம் தூக்கினாக்கூட மீதியும் கிழியுமுங்க. அப்புறம் ஆபரேசன். ஆபரேசனுக்கப்புறம் ஊசி வேல செய்ய முடியுமான்னு என்னால உறுதி தர முடியாது."

நிலோஃபர் தன் வலது கை விரல்களைப் பார்த்தாள். அந்த ஊசி மட்டும்தான் அவள் தனக்கென்று வைத்திருந்தது. ஆரிச் சட்டத்தின் முன் உட்கார்ந்தால்தான் அவள் மருமகளாகவும் இல்லை, மனைவியாகவும் இல்லை, தாயாகவும் இல்லை. மயில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று உலகத்தில் அவளைத் தவிர வேறு யாரும் முடிவு செய்வதில்லை. அது போய்விடும் என்கிறார் டாக்டர்.

விசயம் ஊருக்குத் தெரிந்தது. பாலகோபால் பதறிப்போய் போன் செய்தார். "தம்பிக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்டார், இல்லை என்றதும் நிம்மதியாக வைத்துவிட்டார். ஜாவித்தின் சான்றைப் பார்த்துக் கிளப்பிலிருந்து வாழ்த்து வந்தது. மாமியார்தான் நடைமுறைக் கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப நாளைக்குத் தண்ணி வருமே கண்ணு, ஆரு தூக்கறது?"

அவள் கெட்டவள் இல்லை. மருமகளின் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேதான் கேட்டாள். ஆள் வைக்கலாமா, கேன் தண்ணீர் வாங்கலாமா, கயிறு கட்டி மாடிக்கு இழுக்கலாமா என்று பேச்சு நீண்டது. ஜாவித் தலையைக் குனிந்துகொண்டு, வலது கையை இடது கையால் தடவிக்கொண்டிருந்தான். கவலை வந்தால் அது அவன் பழக்கம்.

நிலோஃபரின் கண் அந்த இடது கையில் போய் நின்றது. நல்ல கை. நீளமான, தடிமனான, ஐந்து விரலும் உள்ள கை. நான்கு வருசமாக அது இந்த வீட்டில்தான் இருக்கிறது.

அவள் எழுந்துபோய் இன்சூரன்ஸ் தாளை எடுத்து வாசித்தாள். வலது தோள், வலது முழங்கை, வலது மணிக்கட்டு. திருப்பி வாசித்தாள். துபாய் ஒப்பந்தத்தையும் எடுத்து வாசித்தாள். பிறகு போனை எடுத்து, இடது கையால் குடம் தூக்கலாமா என்று இரண்டு பேருக்கும் மெயில் அனுப்பினாள். கிளப் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டது. அதை அவள் சத்தமாக, தமிழில், மாமியாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"எறியாத கையால் அன்றாட வேலை செய்வதில் ஆட்சேபணை இல்லை. எப்போதும் இருந்ததில்லை."

இன்சூரன்ஸ்காரர்களும் கிட்டத்தட்ட அதையே எழுதினார்கள். உம்மல் குல்சும் தைலப் புட்டியை மூடினாள். ஜாவித் தன் இடது கையை, யாரோ வழியில் விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். நிலோஃபருக்கு அழுகை வந்தது. அது துக்க அழுகை அல்ல, சுத்தமான கோபம். ஒப்பந்தத்தை வாசித்தவள் அவளே. அவளுக்கும் தோன்றவில்லையே என்று தன்மேலும் கோபம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. நிலோஃபர் கீழே இறங்கிக் குழாயைத் திறந்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஜாவித் முதல் குடத்தை இடது கையால் தூக்கினான். தெரு மொத்தமும் வேடிக்கை பார்த்தது. டீக்கடையில் ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். மேலேயிருந்து மாமியார், "கண்ணு, பாத்து, வழுக்கும்!" என்று கத்தினாள்.

நாலாவது குடத்தில் அவன் சட்டை நனைந்தது. ஆறாவதில் முதல் மாடியிலேயே இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். எட்டாவதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அவளுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தான். அவள் தோளை முதல்முறையாகப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் எத்தன கொடம் அம்மணி?" என்று கேட்டான்.

"இன்னைக்கு ரெண்டுங்க," என்றாள் நிலோஃபர். "நாலு வருசத்துது தனியா இருக்குதுங்க."