கிளீனர் பக்கக் கதவில் ஒரு டிப்ளமா

கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பயோடேட்டா அடிக்க வருகிறவர்கள். உள்ளதை மட்டும் அடித்தால் அரைப் பக்கம்கூட நிறையாது. மீதியை நான்தான் ஒப்பேற்றுவேன். ‘கற்றுக்கொள்ளும் ஆர்வம் மிக்கவர்’ என்ற வரியை இந்த வட்டாரத்தில் எந்த பயோடேட்டாவில் பார்த்தாலும் அது என் கைங்கரியம். ஷைனி விஷயத்தில்தான் என் சரக்கு எடுபடவில்லை.

ஷைனி, அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தேசப்பனின் மகள். பிளஸ் டூ முடித்ததும், கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேன் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் வேலையோடு படிப்பு என்று சேர்ந்தாள். நகரும் லைனில் ஒவ்வொன்றாக வந்து நிற்கும் வேனின் கதவுச் சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டையை அழுத்திப் பொருத்த வேண்டும். அதுதான் வேலை, அதுதான் பாடம், அதுதான் பரீட்சை. அதிலும் இடப்புறம், அதாவது கிளீனர் பக்கம் மட்டும். டிரைவர் பக்கத்துக்கு வேறு ஆள், வேறு பயிற்சி. முடித்ததும் டிப்ளமா கொடுத்து, அங்கேயே வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள்.

குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. படிக்கும்போதே அவளுக்குச் சம்பளம் வந்தது. தேசப்பன் வீட்டுக் கூரை ஷீட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறியது அந்த ரப்பரால்தான். நானோ பி.ஏ. வரலாறு. பட்டம் வாங்கி வந்த என்னை என் அப்பா, பால் வற்றிய மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஒருநாள் ஷைனி கேட்டாள்.

“நீ இன்னா படிச்சண்ணா?”

“ஹிஸ்டரி.”

“அதுல எந்த சைடு?”

“முழுசும்தான்.”

“முழுசுமா? அப்போ உன்ன எந்த லைன்ல நிக்க வெப்பாங்க?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

போன மாதம் கம்பெனியில் கிளீனர் பக்கத்துக்கு ஓர் இயந்திரக் கை வந்து சேர்ந்தது. டீ கேட்காது, லீவு கேட்காது. டிரைவர் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை. சூப்பர்வைசர் சரவணகுமார் ஷைனியைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை டிரைவர் பக்கம் ரப்பர் பொருத்திக் காட்டினால் வேலை இருக்கும், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

அழுத கண்ணோடு கடைக்கு வந்தாள். “சைடு மாறினா கையே ஓட மாட்டேங்குதுண்ணா. எதுக்கும் ஒரு பயோடேட்டா அடிச்சி வையி.”

பெயரையும் டிப்ளமாவையும் அடித்து வைத்தேன். எங்கே அனுப்புவது? கிளீனர் பக்கத்து ரப்பருக்கு மட்டும் ஆள் கேட்கிற கம்பெனி உலகத்திலேயே அது ஒன்றுதான். நீச்சல் சொல்லித் தருகிறேன் என்று ஒரு கையை மட்டும் ஆட்டப் பழக்கி, ஆற்றில் தள்ளிவிட்டால் எப்படி?

அப்போதுதான் உமர் பாரூக் வேனை நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கினார். பழவேற்காட்டிலிருந்து நண்டு ஏற்றிவரும் வியாபாரி. வண்டி ஷைனியின் கம்பெனித் தயாரிப்பேதான்.

“பாய், உங்க டிரைவர் டோர்ல கொஞ்சம் பழகிக்கட்டுமா?” என்றாள்.

“பழகும்மா. வண்டி பத்திரம்.”

அவர் டீயை முடிப்பதற்குள் ரப்பரை உருவி மறுபடி பொருத்தியும் விட்டாள். கை பழக்கதோஷத்தில் தன் இடப்புறத்து மூலையில் ஆரம்பித்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அது வண்டியின் பின்மூலை. ரப்பர் வளைய வேண்டிய இடத்தில் விறைத்தது, விறைக்க வேண்டிய இடத்தில் வளைந்தது. கதவு சாத்தவே இல்லை.

“இன்னாம்மா பேஜாரு இது!” என்றபடி உமர் பாரூக் கதவை நண்டுக்கூடைக் கயிற்றால் கட்டினார். ஆனாலும் நல்ல மனிதர். அழுகிற பெண்ணை விட்டுப் போக மனமில்லாமல், வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டார்.

மீதி அவர் சொல்லிக் கேட்டது. வழியெல்லாம் அவள் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தாளாம். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

“என் மூஞ்சில எதுனா ஒட்டிக்கினு கீதாம்மா?”

“கொஞ்சம் சாஞ்சிக்கோங்க பாய். டோர மறைக்கிறீங்க.”

வெளியே நின்றால் கண்ணாடியில் தெரிவதுபோல மாறித் தெரிகிற அந்தச் சட்டம், உள்ளே இருந்து பார்த்தால் அவள் பழகிய அதே சட்டம். வண்டியின் முன்பக்கம் இடது கைப் பக்கமே வருகிறது. நடுரோட்டில் அவரை இறக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்தபடியே ரப்பரைப் பொருத்தினாள். கதவு அழகாகச் சாத்தியது.

திங்கட்கிழமை சாயங்காலம் வரை எனக்கு வேலையே ஓடவில்லை. வந்தவருக்கு ஆதாரை ஜெராக்ஸ் எடுப்பதற்குப் பதில் அவர் பர்ஸையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் வந்தாள்.

“உள்ள ஏறிட்டேண்ணா. பாதி ஒட்டறதுக்குள்ள லைன் நகந்துச்சு. சாரு எறங்குன்னு கத்தறாரு. ரெண்டு மூல பாக்கி சார்னு நானும் கத்தறேன். வண்டி கண்ணாடி ஒட்டற எடம் தாண்டி, சீட்டு மாட்டற எடத்துல போயி நிக்குது.”

“ஐயோ! அப்புறம்?”

“ரப்பரு ஒழுங்கா கீதுன்னாரு. ஆனா ஓடற வண்டில ஏறக் கூடாதாம், ரூல்ஸு. அந்த வேல கெடையாதுன்னுட்டாரு.”

என் கை அவள் பயோடேட்டாவைத் தேடி மவுஸுக்குப் போனது.

“சீட்டு மாட்ற எடத்துல ஆளு பத்தல. போயி சேந்த எடத்துலயே நில்லுன்னாரு.” சிரித்தாள். பிறகு சட்டென்று குரல் இறங்கியது. “இத்தினி நாளா ரப்பர் ஒட்றேன், ஒரு தபா கூட உள்ள உக்காந்ததில்லண்ணா. எனக்கு அடுத்தாண்ட இன்னா பண்றாங்கன்னே இன்னிக்குதான் பாத்தேன்.”

“சீட்டுல எந்த சைடு?” என்று கிண்டலாகக் கேட்டேன்.

“கிளீனர் சைடுதான். ஆனா சாப்பாட்டு நேரத்துல டிரைவர் சீட்டு மாட்டறதயும் கத்துக்கினேன். உன்ன யாரு கேட்டான்னாரு சாரு. நானேதான் கேட்டேன்னு சொன்னேன்.” எழுந்தவள் திரும்பினாள். “அந்த பயோடேட்டாவ அழிச்சிடாதண்ணா. சீட்டுக்கும் ஒரு மிசின் கை வரும்.”

அவள் போனதும் அதைத் திறந்து, ‘கற்றுக்கொள்ளும் ஆர்வம் மிக்கவர்’ என்று அடித்தேன். எல்லோருக்கும் அடிக்கிற வரிதான். பொய்யில்லாமல் அடித்தது அதுதான் முதல் தடவை.