டெல்மர் ரோக்னஸ் இறைச்சியை அழுத்தாமல் விட்டது

டெல்மர் ரோக்னஸ் அதிகம் பேசாதவர். வடக்கு அயோவாவில் நெடுஞ்சாலைத் துறையின் ரோடு ரோலரை ஓட்டி ஓய்வு பெற்றவர். இந்த மார்ச் மாதம் இறந்துபோனார். செய்தித்தாளில் வந்த இரங்கல் குறிப்பில் அவர் பிறந்த பண்ணை, போன தேவாலயம், ஓட்டிய வண்டி எல்லாம் இருந்தன. அரைத்த கறியை ரொட்டிபோல ஓவனில் வேகவைக்கும் மீட்லோஃப் பற்றி ஒன்றும் இல்லை. அது இங்கே.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலையுதிர் காலத்தில் அவர் மனைவி ஆர்டிஸுக்குத் தொண்டைப் புற்றுக்கான கதிர்வீச்சு முடிந்தது. கட்டி போய்விட்டது. கூடவே எச்சிலும் போய்விட்டது. எதை விழுங்கினாலும் உப்புத்தாளை விழுங்குவதுபோல எரிந்தது. மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. அடுத்த முறை வரும்போதும் எடை குறைந்திருந்தால் வயிற்றில் துளை போட்டு, உணவு செலுத்தக் குழாய் வைக்க வேண்டும் என்றார். ஆர்டிஸின் அக்கா கடைசி வருடத்தை அப்படி ஒரு குழாயோடுதான் கழித்தாள். அன்று பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஆர்டிஸ் சொன்னது ஒன்றுதான்.

"குழாய் மட்டும் வேண்டாம் டெல்."

முதலில் ஊர்க்காரர்கள் கண்ணாடித் தட்டுகளில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். அறுவடை தொடங்கியதும் அது குறைந்தது. அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. டெல்மர் அதுவரை அடுப்பில் வைத்தது காபி ஒன்றைத்தான். மீட்லோஃப் செய்யலாம் என்று முடிவு செய்தார். ஆர்டிஸ் கல்யாணத்துக்கு முன்பிருந்தே செய்துவந்த பண்டம். தவிர, அரைத்த கறிதானே, பல்லுக்கு வேலை இருக்காதே என்று கணக்குப் போட்டார்.

கணக்கு தப்பு. கொழுப்பே இல்லாத மாட்டுக்கறியாகப் பார்த்து வாங்கினார், விலை கூடுதலானதால் அதுதான் உசத்தி என்று. காய்ந்த ரொட்டித்தூளை அப்படியே கொட்டினார். வெங்காயத்தைப் பச்சையாக நறுக்கிப் போட்டார். பிறகு எல்லாவற்றையும் அச்சுத் தட்டில் வைத்து விரல் முட்டிகளால் அழுத்தினார். மூலை முடுக்கெல்லாம் அழுத்தினார். உள்ளே காற்று நின்றால் பின்னால் அங்கேதான் விரிசல் விடும் என்பது அவர் ஆயுள் முழுக்க ரோடு போட்டுக் கற்றது. மேலே தக்காளி கெச்சப் பூசி, கறுத்துவரும்வரை ஓவனில் விட்டார்.

ஆர்டிஸ் ஒரு துண்டை வாயில் வைத்தாள். கண்ணில் நீர் வந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். வாயில் வைக்க முடியாமல் இருந்தால் "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். அதற்குமேல் சொன்னால் உறவு முறிந்தது என்று பொருள். ஆர்டிஸ் அதையும் சொல்லவில்லை. தட்டு ஒவ்வொரு வேளையும் காலியாகத் திரும்பியது. டெல்மர் மறுபடியும் அதையே செய்தார், இன்னும் கொஞ்சம் அழுத்தி.

பக்கத்து வீட்டு லுவெல்லாவின் தட்டு ஒன்று அவர்களிடம் இருந்தது. வாங்கிய தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. டெல்மர் அதில் இரண்டு துண்டு மீட்லோஃப் வைத்துக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து லுவெல்லா வேலியோரம் வந்து நின்றாள். தேவாலயத்து அடித்தளச் சமையலறை அவள் கையில்தான், வாயையும் அளந்துதான் திறப்பாள். பருவநிலை பற்றிப் பேசினாள், சோள விலை பற்றிப் பேசினாள். கடைசியில் மீட்லோஃப் வித்தியாசமாக இருந்தது என்றாள். டெல்மருக்கு முகம் சுருங்கியது. அவள் அதைப் பார்க்காததுபோல வராந்தாவில் படுத்திருந்த நாயைக் காட்டினாள்.

"உன் பட்டன் கன்னுக்குட்டி மாதிரி ஆயிட்டானே டெல்மர். என்னதான் போடுறீங்க அவனுக்கு?"

ஒன்றும் புதிதாகப் போடவில்லை என்றார். வராந்தாவுக்குப் போய் நாயின் கழுத்துப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். விரல் நுழையவில்லை. பட்டையை ஒரு துளை தளர்த்திவிட்டார். அன்று காலைதான் ஆர்டிஸின் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்திக் கொடுத்திருந்தார்.

நாயின் முன் மண்டியிட்டபடியே இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நாயைக் கொட்டகையில் அடைத்தார். ஆர்டிஸ் முன்னால் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இதுல என்ன கோளாறுன்னு சொல்லு."

"நல்லாத்தான் இருக்கு டெல்."

"பட்டனுக்கு நல்லா இருக்கு. அது தெரியுது. உனக்கு?"

ஆர்டிஸ் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தாள், நிமிர்த்தினாள். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்த வீட்டில், கணவன் செய்து தந்த சாப்பாட்டை மேசைக்கு அடியில் நாய்க்குத் தள்ளியதை ஒப்புக்கொள்வது அவளுக்கு ஊர் நடுவில் நின்று திட்டுவதைவிடக் கஷ்டம். ஆனால் அவர் எழுந்து போகவில்லை.

"நீ மனசு கஷ்டப்படுவியேன்னு பார்த்தேன்."

"குழாய் வச்சா படமாட்டேனா?"

அதற்குப் பிறகு சொன்னாள். "இது சாப்பாடே இல்ல டெல். நீ போட்ட ரோடு. மேல லாரி போகலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்ததில் தொண்டை வலித்தது. தண்ணீர் குடித்து மறுபடியும் சிரித்தாள். டெல்மரும் சிரித்தார். அந்த வீட்டில் சாப்பாட்டைப் பற்றி ஒருவர் உண்மை பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பிறகு வேலை சுலபமாயிற்று. அவள் நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாள், அவர் திருத்தினார். கெச்சப் எரிகிறது என்றாள். நிறுத்திவிட்டுக் காளான் சூப்பைக் குழம்பாகக் காய்ச்சி ஊற்றினார். வெங்காயம் குத்துகிறது என்றாள். துருவி, வெண்ணெயில் கூழாகும்வரை வதக்கினார். கறியில் கொழுப்புச் சேர்ந்ததாக வாங்கி, கொஞ்சம் பன்றிக்கறியும் கலந்தார். காய்ந்த தூளுக்குப் பதில் ரொட்டியின் ஓரத்தை நீக்கிப் பாலில் ஊறவைத்து, களிபோலப் பிசைந்து சேர்த்தார். அதுதான் ஈரத்தைப் பிடித்து வைத்தது. மாமிச வெப்பமானி ஒன்று வாங்கி, நடுப்பகுதி வெந்த கணமே வெளியே எடுத்தார். தார் போடும் வேலையில் சூடு ஆறுவதற்குள் உருளையை ஏற்ற வேண்டும். இங்கே ஆறும்வரை தொடக்கூடாது. சாறு உள்ளேயே தங்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அழுத்தாமல் இருப்பதுதான் பெரும்பாடு. கை தானாகவே அழுத்தும். அச்சுத் தட்டை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, முள்கரண்டியால் மட்டும் கலந்து, தட்டையான தகட்டில் மெல்லக் குவித்துவிட்டார். முதல் தடவை அது வெட்டும்போதே உதிர்ந்து சரிந்தது. கூழ் மாதிரி இருக்கிறதே என்று வருந்தினார்.

"கரண்டி குடு" என்றாள் ஆர்டிஸ்.

அவள் வாய்க்குக் கொண்டுபோனபோது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பார்த்தால் அவள் அவருக்காக விழுங்குவாள். வெளியே ஒன்றும் இல்லை, அறுத்து முடிந்த சோளக்காடு. காதை மட்டும் இங்கே வைத்திருந்தார். விழுங்கிய சத்தம் கேட்டது. தண்ணீர்க் குவளை நகரும் சத்தம் கேட்கவில்லை. கரண்டி மறுபடியும் தட்டில் உரசியது.

நவம்பரில் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆர்டிஸ் காலணியைக் கழற்றிவிட்டு எடைக்கருவியில் ஏறினாள். தாதி எண்ணை எழுதிக்கொண்டாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மருத்துவர் வந்து தாளைப் பார்த்தார். எடை குறையவில்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது, குழாய் தேவைப்படாது என்றார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். ஆர்டிஸ் கணவனைக் காட்டினாள்.

டெல்மர் கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போனார். திரும்பி வர நேரமாயிற்று. முகம் கழுவியிருந்தார், சட்டைக் காலர் நனைந்திருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் வயல்களின் மேல் முதல் பனி விழத் தொடங்கியது. ஆர்டிஸ் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"டெல், எனக்குப் பசிக்குது."

சிகிச்சைக்குப் பிறகு அவள் அப்படிச் சொன்னதில்லை. மற்றவர்கள் நேரம் பார்த்துத்தான் சாப்பிட வைத்தார்கள். டெல்மர் அடுத்த திருப்பத்தில், லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டலின் முன்னால் வண்டியை நிறுத்தினார். அவள் பிசைந்த உருளைக்கிழங்கும் குழம்பும் கேட்டாள். வந்ததும் தானே எடுத்துச் சாப்பிட்டாள், நிதானமாக, ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் பேசிக்கொண்டு. லுவெல்லாவைப் பற்றி, பனியைப் பற்றி, நாயை இனி பட்டினி போட வேண்டும் என்பதைப் பற்றி. டெல்மர் தன் காபியை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.