இரண்டு போட்டிகளுக்கு நடுவே

ராமநாதபுரத்தில் ரயிலேறி என் எதிரே அமர்ந்த அந்தப் பெண், மாற்றுத்திறனாளிகளுக்கான பளுதூக்கும் வீராங்கனை. அகன்ற தோள்கள்; மெலிந்து அசைவற்ற கால்கள். பேசும்போதெல்லாம் கட்டைவிரலால் வலத்தோளை அழுத்திக்கொண்டேயிருந்தார். மாநிலப் போட்டி முடிந்த மறுவாரமே தேசியப் போட்டிக்கான தேர்வு.

“தோள் ஆறுனதும் அடுத்த தேர்வுக்குப் போகலாமேம்மா?” என்றேன்.

“இதுல தூக்கலைன்னா அடுத்ததுக்கு யாரு சார் கூப்புடுவா? போன வாரம் தூக்குன எடையே இப்ப ஏற மாட்டேங்குது. மீன் பெருகட்டும்னு கடலுக்கே தடைக்காலம் போடுறாக. எனக்குத்தான் போட மாட்டேங்குறாக!” அலுப்புடன் சிரித்தார்.

இறங்கும்போது, கைகளை ஊன்றி, முழு உடலையும் அந்தத் தோள்களிலேயே தாங்கிச் சக்கர நாற்காலிக்கு மாறினார். முகம் சுருங்கியது. தேர்வு தள்ளிப்போனாலும் அந்தத் தோள் எப்போது ஆறும் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.