பதினொரு மணித் தண்ணீர்

ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்துக்கு இருபத்திரண்டு வருடமாக நாடி பார்ப்பவள் அவள். தண்ணீரைச் சோதிக்கும் அரசு ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் மூக்கி. பிழைப்பே நாற்றத்தில், ஆனால் நாற்றம் ஆகாது. மூன்று முறை கை கழுவிய பிறகும் கரண்டியால்தான் சாப்பிடுவாள்.

மேலே வயலுக்குக் கொட்டிய உரமும் ஊர்ச் சாக்கடையும் ஆற்றோடு வந்து இறங்க, பாசிக்கு ஓயாத விருந்து. தண்ணீர் பச்சைச் சளியாகக் கிடந்தது. காகிதத்தில் மட்டும் படு ஆரோக்கியம்: கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம். மாதிரி எடுப்பது எப்போதும் பகல் பதினொன்றுக்கு; படிவத்தில் அந்த நேரம் அச்சடித்தே வரும்.

நண்டு வளர்க்கும் தம்பிக்கு அந்த எட்டை நம்பித்தான் வாக்குக் கொடுத்தாள். “பாக்கத்தான் அசிங்கம். தைரியமா கூண்ட எறக்குடா.”

முப்பது கூண்டு இறக்கினான். நாலாம் நாள் விடியும்போது போன் வந்தது. “அக்கா, உன் எட்டு எப்படி நாறுதுன்னு வந்து பாரு.”

கருவியோடு ஓடினாள். இருபது கூண்டில் நண்டுகள் கால் கழன்று கறுத்திருந்தன. அழுகிய முட்டை வாடை தொண்டையில் ஒட்டியது. கருவி அரை என்றது.

“எட்டு அரையாச்சா? மீதி ஏழரை எனக்கா?” என்றான் தம்பி. “இந்த அரைய உங்க காகிதத்துல எழுது. அப்புறம் என்கிட்ட பேசு.”

வெயிலில் பாசி ஆக்சிஜனை வாரிக் கொடுக்கும். இருட்டினால் கொடுத்ததையெல்லாம் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அதாவது அசிங்கம் கூடக்கூட பதினொரு மணி எண் அழகாகும். பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்தான் அவள். மீதிப் பத்துக் கூண்டையும் மேலே தூக்க வைத்துவிட்டு நேரே அலுவலகம் போனாள்.

“ஆபீஸ் டைம்ல எடுக்காத ரீடிங் செல்லாதும்மா” என்றார் அதிகாரி.

“நண்டு ஆபீஸ் டைம்ல சாகல சார்.”

“தம்பிக்காகப் பண்றேன்னு பேசுவாங்க.”

“பேசட்டும். எறக்கச் சொன்னவ நான்தானே?”

அச்சடித்த பதினொன்றை அடித்து காலை ஐந்தரை என்று எழுதினாள். எட்டு உட்காரும் கட்டத்தில் அரை. கீழே கையெழுத்து. அதிகாரி படிவத்தை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோல் வாங்கிக்கொண்டார்.

அதற்கு முன்பே படிவத்தைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருந்தாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

பதில் உடனே வந்தது: “மொதல்ல கைய கழுவு.”